மரைக்காரின் தமிழும் சம்மாந்துறையின் காதும்

இலங்கை வானொலியின் தமிழ் நகைச்சுவை நாடகங்கள் 1950களில் வேர்விட்டு, 1970களில் உச்சத்தைத் தொட்டு, 1983க்குப் பிறகு மெல்ல அடங்கிப்போனவை. ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’, ‘முகத்தார் வீடு’, ‘கோமாளிகள் கும்மாளம்’ என்ற பெயர்கள் முதிய நேயர்களின் முகத்தில் இன்றும் ஒரு சிரிப்பைக் கொண்டுவரும். இவற்றுள் எது தன் புகழுக்குத் தகுந்தது, எது தகுதிக்கு மிஞ்சிப் புகழப்பட்டது என்ற வாதம் அந்தச் சிரிப்போடு கூடவே வரும். அந்த வாதத்தில் யாழ்ப்பாணத்துக் காதும் கொழும்புக் காதும்தான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லிவந்தன. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நீளும் கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களும் அதே அலைவரிசையைத்தான் கேட்டன. அவற்றின் காதையும் அளவுகோலாக வைத்தால் தீர்ப்பு சற்று மாறுகிறது.

அந்த ஊர்களில் சம்மாந்துறை கல்முனைக்கு மேற்கே, கடலை விட்டு உள்வாங்கி, வயல்களின் நடுவே இருக்கிறது. சம்பான் எனும் படகுகள் வந்து ஒதுங்கிய துறை என்பதால் இப்பெயர் வந்தது என்று சொல்வார்கள். படகுகள் போய்விட்டன, நெல் நிலைத்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் நீர்ப்பாசனத்தையே மாற்றியது. அதுவரை மட்டக்களப்போடு இருந்த இந்நிலப்பகுதி 1961இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தாலும் பேச்சு பிரியவில்லை. சம்மாந்துறை முஸ்லிம்களின் தமிழ் மட்டக்களப்புத் தமிழின் ஒரு கிளை. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1966இல் எழுதிய ஆய்வொன்றில், பேச்சுத் தமிழ் வழக்குகள் எல்லாவற்றிலும் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்பு வழக்கே என்றார். ‘மறுகா’ என்று கதையைத் தொடர்வதும், பெண்களை விளிக்கும்போது வாக்கியத்தின் வாலில் ‘கா’ சேர்வதும் அந்த வழக்கின் அடையாளங்கள். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அவை பொது. அரபுச் சொற்களும் உறவுப் பெயர்களுமே முஸ்லிம் பேச்சைப் பிரித்துக் காட்டும்.

வானொலி வருவதற்கு முன்பே இங்கே சிரிப்புக்கு வழிகள் இருந்தன. மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் சீண்டிப் பாடும் கவி அவற்றில் முதன்மையானது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளில் காதலுக்கும் ஏக்கத்துக்கும் பக்கத்திலேயே கேலியும் குத்தலும் உட்கார்ந்திருக்கும். பொல்லடியின் பாட்டிலும் சூடடிப்புக் களத்துப் பேச்சிலும் அதே குணம் உண்டு. பக்கத்துத் தமிழ் ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடிய விடிய நடந்தன. இந்தச் சிரிப்பு எதிரே இருப்பவரின் அறிவையும் தன் நாவின் கூர்மையையும் நம்பியது. ஒருவர் சொல்லை எப்படி உச்சரிக்கிறார் என்பதைவிட, சொல்லுக்குப் பதில் சொல் எவ்வளவு விரைவாக வருகிறது என்பதே அங்கே மதிப்பு. பின்னால் வானொலிச் சிரிப்பை எடைபோடும்போது இந்தப் பழக்கம் கணக்கில் வரவேண்டும்.

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆகி, 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் நாடு குடியரசானதும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. தமிழ் நாடகப் பிரிவை வளர்த்தவர்களில் முதலில் நினைக்கப்படுபவர் ‘சானா’ என்ற எஸ். சண்முகநாதன். ‘பரியாரி பரமர்’ போன்ற நடைச்சித்திரங்களை எழுதிய அவருக்கு மனிதரின் நடை, பேச்சு, பாவனை எல்லாம் அத்துப்படி.

பேச்சுத் தமிழில் நகைச்சுவை நாடகம் எழுதும் துணிவு வானொலிக்கு மேடையிலிருந்து வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் எழுதிய நாடகங்கள் 1940இல் ‘நானாடகம்’ என்ற நூலாக வந்தன. அவற்றுள் ‘உடையார் மிடுக்கு’ கிராமத்து அதிகாரியின் வீறாப்பைச் சிரிப்பாக்கியது. அதே பாதையில் வானொலிக்கு எழுதியவர் இலங்கையர்கோன் என்ற த. சிவஞானசுந்தரம். 1915இல் பிறந்து 1961இலேயே மறைந்துவிட்ட அவர் ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளில் ஒருவர். ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ ஆகியவை அவர் எழுதியவை. ‘விதானையார் வீட்டில்’ தொடரில் குரல் கொடுத்தவர்களில் பின்னாளில் பெரும் திறனாய்வாளராகிய கார்த்திகேசு சிவத்தம்பியும் ஒருவர். பேராசிரியர்கள் எழுதவும் நடிக்கவும் கூச்சப்படாத காலம் அது. அந்த ஆரம்பத்தின் தரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

‘விதானையார்’ என்ற சொல்லிலேயே சம்மாந்துறையின் காது வேறுபடத் தொடங்குகிறது. யாழ்ப்பாண நேயருக்கு விதானையார் கிராமத் தலைமைக்காரர். பொலிஸ் வந்தாலும் காணி வழக்கு வந்தாலும் அவர் வாசலில்தான் கூட்டம். கிழக்கின் நெல்வயல் ஊர்களிலோ விதானை என்றதும் வட்டை விதானையும் கூடவே நினைவுக்கு வருவார். வட்டை என்பது வயல்வெளியின் ஒரு பிரிவு. அதற்குள் யாருடைய வயலுக்கு எந்த முறையில் தண்ணீர் பாயவேண்டும் என்று பார்ப்பவர் வட்டை விதானை. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார், அதை மேற்பார்த்துச் செய்யும் முல்லைக்காரர், வட்டை விதானை என்ற மூவரைச் சுற்றி ஒரு போகத்தின் சண்டையும் சமாதானமும் சிரிப்பும் நடக்கும். இந்த உலகத்தை வைத்து ஒரு தொடர் எழுதியிருந்தால் அது ‘விதானையார் வீட்டில்’ அளவுக்கு வளமாக இருந்திருக்கும். கொழும்பிலிருந்து வந்த பெயர்பெற்ற தொடர்களில் எதுவும் வட்டைக்குள் இறங்கவில்லை.

பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் பெரிய சண்டையாகவே வெடித்தது. மரபுவாதிகள் அதை ‘இழிசனர் வழக்கு’ என்றார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் மண்ணின் மொழி இல்லாமல் மண்ணின் இலக்கியம் ஏது என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த வாதம் பெரும்பாலும் சிறுகதையையும் நாவலையும் சுற்றி நடந்தது. வானொலியோ அதற்கு முன்பே பேச்சுத் தமிழைச் சபைக்குக் கொண்டுவந்து, மக்களின் கைத்தட்டலையும் வாங்கியிருந்தது. இந்த வகையில் நகைச்சுவைத் தொடர்கள் இலக்கிய வரலாற்றில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை. இங்கே புகழ் மிஞ்சவில்லை, குறைந்தே இருக்கிறது.

1970களில் வந்த ‘கோமாளிகள் கும்மாளம்’ எல்லாவற்றையும் மிஞ்சிய புகழைப் பெற்றது. எழுதியவர் எஸ். ராமதாஸ். நான்கு பாத்திரங்கள், நான்கு தமிழ்கள்: ராமதாஸ் மரைக்காராக முஸ்லிம் தமிழும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழும், எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழும், பி.எச். அப்துல் ஹமீத் ஐயராகப் பிராமணத் தமிழும் பேசினார்கள். முஸ்லிம் அல்லாதவர் மரைக்காராகவும் முஸ்லிம் ஒருவர் ஐயராகவும் நடித்த இந்த இடமாற்றமே தொடரின் மிக அழகான பகுதி. 1976இல் எஸ். ராமநாதன் இயக்கத்தில் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாக வந்தது. இந்தியப் படங்களோடு போட்டியிட்டு உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் மூச்சுத்திணறிய காலத்தில் அது மக்களைக் கொட்டகைக்கு இழுத்தது. பாத்திரங்களின் பெயர் நடிகர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டு மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே அவர்கள் அழைக்கப்பட்டார்கள்.

மரைக்கார் பேசிய தமிழ் மேற்கு இலங்கையின், குறிப்பாகக் கொழும்பு முஸ்லிம்களின் தமிழ். அங்கே ‘இருக்கிறது’ என்பது ‘ஈக்கிது’ ஆகும். மூத்த சகோதரன் ‘நானா’. சம்மாந்துறையில் அதே சொல் ‘இரிக்கி’ ஆகும். மூத்த சகோதரன் ‘காக்கா’. வாப்பா, உம்மா, மௌத்து, துஆ என்பவை இரு பக்கத்துக்கும் பொதுவானாலும், வாக்கியத்தின் எலும்பும் ஓசையும் வேறு. கல்முனைக்குடியில் பிறந்த மொழியியலாளர் எம்.ஏ. நுஃமான் இலங்கை முஸ்லிம் தமிழை ஆராய்ந்து எழுதியவர். முஸ்லிம் தமிழ் என்று ஒரே அச்சில் வார்த்த ஒன்று இல்லை, பிரதேசத்துக்குப் பிரதேசம் அது அங்குள்ள தமிழோடு சேர்ந்தே வளர்ந்தது என்பது இந்த ஒப்பீட்டிலேயே விளங்கும்.

மரைக்கார் என்ற பெயர் இன்னும் நுட்பமானது. மேற்குக் கரையில் அது குடும்பப் பெயர். கேட்டதும் வியாபாரி ஒருவர் நினைவுக்கு வருவார். கிழக்குக் கரையில் அது பதவி. இங்குள்ள முஸ்லிம்கள் தாய்வழியில் வரும் குடிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர ஒரு மரைக்கார் உண்டு. கலியாணத்திலும் வழக்கிலும் கந்தூரியிலும் குடியின் சார்பில் பேசுபவர் அவர். அவர் வந்தால் இருப்பவர் எழுந்து இடம் கொடுப்பர். அந்தப் பெயரை வானொலியில் ஒரு கோமாளியின் பெயராகக் கேட்பது சம்மாந்துறையில் கொழும்பில் கேட்பதைப்போல் இருக்க முடியாது. தொடரை எழுதியவர் இதை மனதில் கொண்டு அந்தப் பெயரை வைத்திருக்கமாட்டார். கொழும்பின் வழக்கப்படி அது இயல்பான பெயர்தான். ஆனாலும் ஒரு சொல்லின் எடை ஊருக்கு ஊர் மாறும் என்பதை வானொலி நிலையம் கவனிக்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

‘கோமாளிகள்’ இனங்களுக்கிடையே ஒற்றுமையைக் காட்டிய படைப்பு என்ற புகழ்ச்சி திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இந்த ஒரு அம்சத்தில் அது மிகையாகப் புகழப்பட்டது என்றே சொல்லவேண்டும். நான்கு பேர் ஒரே காட்சியில் நின்று சண்டையில்லாமல் பேசினார்கள் என்பது உண்மை. அவர்களுடைய சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பாதிக்குமேல் உச்சரிப்பிலிருந்து வந்தது. உபாலி தமிழை உடைத்தால் சிரிப்பு. மரைக்கார் ‘ஈக்கிது’ என்றால் சிரிப்பு. ஒருவரின் தாய்மொழி வழக்கே நகைச்சுவை ஆகும்போது, அந்த வழக்கைப் பேசுகிறவர்கள் சிரிப்பில் எவ்வளவு தூரம் கலந்துகொள்ள முடியும் என்ற கேள்வி எழாமல் போகாது.

இதே கேள்வியைப் பிரித்தானியா சற்றுப் பிந்தி எதிர்கொண்டது. அங்கே சூழ்நிலை நகைச்சுவை வளர்ந்த பாதையும் வானொலியிலிருந்து தொடங்கியதே: ‘ஹான்கொக்ஸ் ஹாஃப் அவர்’ 1954இல் பீ.பீ.சி. வானொலியில் தொடங்கி 1956இல் தொலைக்காட்சிக்கு வந்தது. சூழ்நிலையும் குணமும் சிரிப்பைத் தரட்டும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட தொடர் அது. 1977 டிசம்பரில் தொடங்கிய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. வெளிநாட்டவர்கள் ஆங்கிலம் கற்கும் மாலை வகுப்பு. சீக்கியர், பாகிஸ்தானியர், இத்தாலியர், சீனர் என ஒவ்வொருவரும் தம் உச்சரிப்பால் ஆங்கிலத்தைச் சிதைப்பதே சிரிப்பு. தென்னாசியாவிலும் பெரும் வரவேற்பைப் பெற்ற அத்தொடரை இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியும் காட்டியது. இலண்டனிலோ, மக்கள் விரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அது இனங்களை அச்சில் வார்த்துக் கேலி செய்கிறது என்று நினைத்த தொலைக்காட்சி நிறுவன நிருவாகி மைக்கல் கிரேட் 1979இல் அதை நிறுத்தினார். அத்தொடர் மிகையாகப் புகழப்பட்டதா, அநியாயமாக நிறுத்தப்பட்டதா என்று அங்கே இன்றும் இருபக்கமும் பேசுகிறார்கள். ‘கோமாளிகள்’ படம் அதற்கு ஒரு வருடம் முந்தியது என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது. இந்தச் சிரிப்பு வகை இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான சரக்கு அல்ல.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு ராமதாஸின் பக்கம் நிற்கிறது. ஆங்கிலத் தொடரில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவருடைய ஆங்கிலம் சரி, மற்றவர்களுடையது பிழை. ‘கோமாளிகள்’ வகுப்பில் ஆசிரியர் இல்லை. நான்கு தமிழில் எதையும் இதுதான் சரி என்று தொடர் சொல்லவில்லை. ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்தது நேயரின் காதுதான். யாழ்ப்பாணத்தில் அப்புக்குட்டி வீட்டுப் பிள்ளை, மற்ற மூவரும் விருந்தாளிகள். கொழும்பு முஸ்லிம் வீட்டில் மரைக்கார் சொந்தக்காரர். சம்மாந்துறையில் நால்வருமே அயலூரார். மரைக்கார் மார்க்கத்தால் உறவு, மொழியால் தூரம். அப்புக்குட்டி அதற்கு அடுத்த படி. ஆகவே அங்கே நால்வரையும் ஒரே அளவில் கேட்டுச் சிரிக்க முடிந்தது, ஆனால் நால்வரில் ஒருவராகத் தன்னைக் காணமுடியவில்லை. ஒற்றுமை என்று புகழப்பட்ட அந்தக் கூட்டத்தில் கிழக்கின் நெல்வயல் முஸ்லிமும் இல்லை, மட்டக்களப்புத் தமிழரும் இல்லை, மலையகத் தோட்டத் தொழிலாளியும் இல்லை. நாடகத்துக்கு எல்லாரையும் சேர்க்கும் கடமை கிடையாது. அதற்கு அளிக்கப்பட்ட பட்டம்தான் நாடகத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

அதே நேரம் ‘கோமாளிகள்’ நடிகர்களின் தொழில் திறன் போதிய அளவு பேசப்படவில்லை. படம் இல்லாத ஊடகத்தில் நான்கு குரல்களைக் கேட்டவுடன் பிரித்தறியச் செய்வதும், ஒருவர் முடிக்குமுன் மற்றவர் ஏறிப் பேசியும் ஒரு சொல்கூடத் தவறாமல் நேயரை அடைவதும் எளிதல்ல. செல்வசேகரனின் உபாலி வெறும் உடைந்த தமிழ் அல்ல. தமிழ் கற்க மனதார முயலும் ஒரு நண்பனின் குரல் அதில் உண்டு. பிந்திய காலத்தில் அவரைப் பின்பற்றி மேடைகளில் வந்த உபாலிகளிடம் அந்த மனசு இல்லை, உடைசல் மட்டும் இருந்தது.

‘முகத்தார் வீடு’ வேறு சாதி. எழுதி நடித்த எஸ். ஜேசுரட்னம் முகத்தார் ஜேசுரட்னம் என்றே அறியப்பட்டார். வடபுலத்துக் குடும்பம் ஒன்றின் முற்றத்தில் நடக்கும் பேச்சு. சிரிப்பு கணவன் மனைவி உறவிலிருந்தும் அயலவரின் தலையீட்டிலிருந்தும் வந்தது. கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ தொடர் அல்ல, தனிநடிப்பு. பஸ் கண்டக்டர் ஒருவர் ஏறுவோரையும் இறங்குவோரையும் சமாளிக்கும் பாடு முழுவதையும் ஒரே வாயில் கொண்டுவந்தார். அவருடைய வழக்கு யாழ்ப்பாணத்தது. ஆனால் நெரிசலான பஸ்ஸும் சில்லறைத் தகராறும் கல்முனை பஸ் நிலையத்திலும் அச்சாக அப்படியே. மொழி வேறாக இருந்தும் சூழ்நிலை ஒன்றாக இருந்தால் சிரிப்பு எல்லை தாண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஈழத்து வானொலியில் இல்லை. கிடைத்த புகழ் முழுவதற்கும் ‘அண்ணை றைற்’ தகுதியானது.

‘விதானையார் வீட்டில்’ பற்றி உறுதியான தீர்ப்புச் சொல்வது கடினமாகிவிட்டது. அக்கால வானொலி நாடகங்களில் பெரும்பாலானவை நேரடியாக ஒலித்துக் காற்றில் கரைந்தவை. கேட்டவர்களின் நினைவு மட்டுமே சாட்சியாக இருக்கும்போது, பிந்தி வந்து, திரைப்படமாகவும் பதிவான தொடர்கள் வாதத்தில் இலகுவாக வென்றுவிடுகின்றன. ‘கோமாளிகள்’ பெற்ற உயரத்தில் ஒரு பங்கு இந்தப் பதிவின் பரிசு.

1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கி வானொலியின் மாலை நேரத்தை மெல்லத் தின்னத் தொடங்கியது. அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். அடுத்த வருட ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டுச் சிதறினார்கள். பாலச்சந்திரன் பின்னர் கனடாவில் வாழ்ந்து 2014இல் காலமானார். 1990இல் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊரில் ஒருவர் உயிர் இழந்தபின், ஒரே பஸ்ஸில் ஒருவரையொருவர் உச்சரிப்பால் அடையாளம் காண்பதே அச்சமாயிற்று. சம்மாந்துறையும் அதை அடுத்த வீரமுனையும் அந்த வருடத்தை மறக்கக்கூடிய ஊர்கள் அல்ல. நான்கு தமிழின் கும்மாளத்தை அதற்குப் பிறகு கேட்பவருக்கு, ‘ஈக்கிது’வும் ‘இரிக்கி’யும் சிரிப்புக்கு முன் வேறொன்றையும் நினைவூட்டும்.

கிழக்கின் முஸ்லிம் பேச்சு நாடகத்துக்கு வரவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் வானொலி நாடகங்கள் எழுதினார். தம் மண்ணின் பேச்சைச் சிறுகதைகளிலும் கையாண்டார். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் தொகுத்த கவிகளில் உள்ள சீண்டலும் குத்தலும் ஒரு முழு நகைச்சுவைத் தொடருக்குப் போதுமான விதைநெல். 1990களின் இறுதியில் தனியார் பண்பலை வானொலிகள் வந்தன. கூட்டுத்தாபனமும் அம்பாறைக் கரைக்கென ‘பிறை எப்.எம்’ சேவையை நடத்தியது. கொழும்பின் வாய்வழியாக மட்டுமே கேட்டுவந்த ஊர்களுக்குத் தம் பேச்சைத் தம் வானொலியில் கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் வந்தது. ஆனால் நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரே பெட்டியின் முன் உட்காரவைத்த காலம் அதற்குள் முடிந்திருந்தது. எஸ். ராமதாஸ் 2016 ஜூலையில் சென்னையில் காலமானார். இரங்கற் செய்திகளில் அவர் பெயருக்கு முன்னால் மரைக்கார் என்ற பெயரும் இருந்தது.